இருபது வருஷம் தூங்கும் புட்டி!

பிரான்சு நாட்டில் சில குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் குழந்தை பிறந்தால், அந்த வருஷம் பறித்த திராட்சையில் செய்த ஒயின் எப்போது விற்பனைக்கு வரும் என்று தகப்பனார் காத்திருப்பார். வந்ததும் சில புட்டிகள் வாங்குவார். ஆனால் திறக்க மாட்டார். வீட்டுக்கு அடியில் உள்ள இருட்டறையில் வைத்துப் பூட்டிவிடுவார்.

அந்தப் புட்டிகளை எப்போது திறப்பார்கள்? குழந்தை வளர்ந்து ஆளாகி, அதற்குக் கல்யாணம் நடக்கும்போது!

இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்துப் புட்டியைத் திறக்கும்போது, வீட்டார் அனைவரும் ஆவலோடு சுற்றி நிற்பார்கள். ஒயின் நன்றாக முதிர்ந்திருந்தால் விருந்து களைகட்டும். புளித்துக் காடியாகப் போயிருந்தால், அத்தனை வருஷக் காத்திருப்பும் வீண்!

இப்படிக் கெட்டுப் போகாமல் காப்பது எப்படி?

பாதாள அறை

ஒயின் என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்யும் மது. சாராயத்தைப் போல இதைக் காய்ச்சி வடிப்பதில்லை. அதனால் வெயிலும் காற்றும் இதைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்காகவே நிலத்துக்கு அடியில் அறை கட்டினார்கள். அதற்கு "காவ்" என்று பெயர். பாரிஸ் நகரத்துப் பழைய மாடி வீடுகளில், மேலே குடியிருக்கும் குடும்பங்களுக்கு அடித்தளத்தில் இப்படிச் சிறு அறைகள் உண்டு.

பூமிக்கு அடியில் கோடையின் சூடும் தெரியாது. பனிக்காலத்தின் குளிரும் தெரியாது. வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சி. ஒயினுக்கு 10 முதல் 15 டிகிரி வரை சூடு இருந்தால் போதும். ஒரு நாள் சூடு, ஒரு நாள் குளிர் என்று மாறிக்கொண்டே இருப்பதுதான் ஆகாது.

வெளிச்சமும் ஆகாது. ஒயின் புட்டிகள் பல கரும்பச்சை நிறத்தில் இருப்பதற்குக் காரணம் அதுதான். அடிக்கடி ஆட்டவும் அசைக்கவும் கூடாது. அடியில் தங்கிய வண்டல் கலங்கிவிடும்.

அடுப்பங்கரை அலமாரியில் அழகாக அடுக்கி வைப்பவர்கள் உண்டு. ஒயினுக்கு அதைவிட மோசமான இடம் வேறு இல்லை!

படுத்துக் கிடப்பது ஏன்?

அந்த அறைக்குள் போய்ப் பார்த்தால் எல்லாப் புட்டிகளும் படுத்தே கிடக்கும். காரணம், வாயை அடைத்திருக்கும் தக்கை.

தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. போர்ச்சுகல் நாட்டில்தான் இது மிக அதிகமாகக் கிடைக்கிறது. மரம் நட்டு ஏறக்குறைய 25 வருஷம் ஆன பிறகே முதல் பட்டையை உரிப்பார்கள். அதன்பிறகு 9 வருஷத்துக்கு ஒரு தடவை உரிப்பார்கள். மூன்றாம் தடவை உரித்த பட்டைதான் புட்டித் தக்கைக்கு ஏற்றது!

புட்டி படுத்திருந்தால் ஒயின் பட்டுத் தக்கை ஈரமாகவே இருக்கும். நிமிர்த்தி வைத்தால், நாளடைவில் தக்கை காய்ந்து சுருங்கும். இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகும். அப்புறம் ஒயின் பாழ்தான். திருகு மூடி போட்ட புட்டிக்கு இந்தக் கவலை இல்லை.

இன்னொரு சங்கதி. எல்லா ஒயினும் முதிர முதிரச் சிறக்கும் என்று நினைப்பது தப்பு. கடையில் விற்கும் ஒயினில் பெரும்பாலானவை இரண்டொரு வருஷத்தில் குடிப்பதற்காகவே செய்தவை. அவற்றைக் கல்யாணம் வரை பூட்டி வைத்தால், ருசி போய் வெறும் புளிப்புதான் மிஞ்சும்.

எந்தச் சாப்பாட்டுக்கு எது?

பிரெஞ்சுக்காரர்கள் ஒயினைத் தனியாகக் குடிப்பதைவிடச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதே வழக்கம். அதற்கும் பொருத்தம் பார்ப்பார்கள்.

சிவப்பு ஒயினைத் திராட்சையின் தோலோடு புளிக்க வைக்கிறார்கள். தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு அதில் இறங்கிவிடுகிறது. கொழுப்புள்ள இறைச்சியைத் தின்றால் வாய் வழவழப்பாக இருக்கும் அல்லவா? அந்த வழவழப்பைத் துவர்ப்பு நீக்கிவிடும். பர்கண்டி பகுதியில் மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினிலேயே வேகவைத்து, அதே ஊர் ஒயினோடு பரிமாறுவார்கள்.

வெள்ளை ஒயினில் துவர்ப்புக் குறைவு. புளிப்புத் தூக்கலாக இருக்கும். மீனுக்கு நாம் எலுமிச்சம்பழம் பிழிவது போல, மீனுக்கும் சிப்பிக்கும் அந்தப் புளிப்பு எடுப்பாக இருக்கும்.

மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் கவிச்சி அடிக்கும் என்று பழைய காலத்தவர் சொல்வார்கள். இது வெறும் பேச்சு அல்ல. சில சிவப்பு ஒயின்களில் உள்ள இரும்புச் சத்துதான் கவிச்சிக்குக் காரணம் என்று 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

குறையும் பழக்கம்

ஒரு காலத்தில் பிரான்சில் பள்ளிக்கூடச் சாப்பாட்டிலேயே பிள்ளைகளுக்கு ஒயின் கொடுப்பது உண்டு. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1956-ல் அதைத் தடை செய்தார்கள்.

1960 வாக்கில் அந்த நாட்டில் ஆளுக்கு வருஷம் 100 லிட்டருக்கு மேல் ஒயின் செலவாயிற்று. இப்போது அதில் பாதிகூட இல்லை. மது எவ்வளவு குறைவாக இருந்தாலும் உடம்புக்குத் தீங்கில்லை என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது.

வீட்டில் மிஞ்சிய ஒயினைப் பிரெஞ்சுக்காரர்கள் கொட்டிவிடுவதில்லை. மண் ஜாடியில் ஊற்றி வைத்துக் காடி ஆக்கிக்கொள்வார்கள். அதன்மேல் ஆடை போலப் படர்வதற்கு "காடியின் தாய்" என்று பெயர். தானாகப் புளித்தால் நஷ்டம். வேண்டுமென்றே புளிக்க வைத்தால் லாபம்!

பாஸ்டர் கண்ட வழி

ஆனால் ஒயின் ஏன் புளிக்கிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1860-ல் பிரான்சு இங்கிலாந்தோடு வியாபார ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒயின் ஏராளமாக விற்கும் என்று நம்பினார்கள். ஆனால் அனுப்பிய ஒயின் வழியிலேயே கெட்டுப் போயிற்று. நாட்டுக்கே நஷ்டம்!

1863-ல் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன், இதன் காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி லூயி பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் தோல் பதனிடும் தொழிலாளியின் மகன். திராட்சை விளையும் ஆர்புவா என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அதே ஊருக்குப் போய் ஆராய்ச்சி செய்தார்.

கெட்ட ஒயினை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருந்தன! ஒயினை 50 முதல் 60 டிகிரி வரை சிறிது நேரம் சூடாக்கினால் அந்தக் கிருமிகள் செத்துவிடும் என்று கண்டார்.

சூடாக்கினால் ருசி கெடும் என்று பலர் ஆட்சேபித்தார்கள். கடற்படையினர் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். "ஜான் பார்" என்ற கப்பலில் 500 லிட்டர் ஒயினை ஏற்றினார்கள். அதில் பாதி சூடாக்கியது, பாதி சூடாக்காதது. பத்து மாதம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். சூடாக்கிய ஒயின் நன்றாக இருந்தது. மற்றது புளிக்கத் தொடங்கியிருந்தது!

நல்ல ஒயினை இன்று பெரும்பாலும் சூடாக்குவதில்லை. தூய்மையாகச் செய்து, குளிர்ச்சியாக வைத்தே காப்பாற்றுகிறார்கள். ஆனால் பாஸ்டர் கண்ட வழி வீண் போகவில்லை. காலையில் நம் வீட்டு வாசலுக்கு வரும் பால் பாக்கெட்டைப் பாருங்கள். பதப்படுத்திய பால் என்று அச்சிட்டிருக்கும். பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர வைக்கும் முறைக்கு, உலகம் முழுவதும் பாஸ்டரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மதுவைக் காப்பாற்றப் புறப்பட்ட ஆராய்ச்சி, குழந்தை குடிக்கும் பாலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது!