செப்புத் தகட்டில் ஊசிக் கோடு

அமிலத்தின் துணை சிறிதுமின்றிக் கூரிய எஃகு ஊசியால் செப்புத் தகட்டை நேரே கீறி, அக்கீறலின் ஓரத்தில் எழும்பி நிற்கும் உலோகப் பிசிறில் மை தங்கும்படி பூசித் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே விரித்து உருளையில் அழுத்தி எடுப்பதே ‘டிரைபாயின்ட்’ என்னும் சித்திர முறை.

1890-ஆம் ஆண்டு பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் நடைபெற்ற ஜப்பானிய மரக்கட்டை அச்சுச் சித்திரக் கண்காட்சியில் மனத்தைப் பறிகொடுத்த அமெரிக்க ஓவியர் மேரி கஸாட், ஜப்பானின் எடோ காலத்து ஓவியர் உட்டமாரோ முதலியோரின் எளிய ரேகைகளையும் நிழலற்ற வர்ணப் பரப்புகளையும், மரத்தை விடுத்து உலோகத்திலேயே கொணர விழைந்து, கோடுகளுக்கு ஊசியையும் வர்ணங்களுக்கு அமிலம் அரிக்கும் ‘அக்வாடின்ட்’ முறையையும் கைக்கொண்டு, மறு ஆண்டே 10 சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தார். அவற்றுள் ‘கடிதம்’ என்பதில், உறையின் விளிம்பை உதட்டருகே ஏந்தி ஒட்ட முற்படும் மாதின் குனிந்த முகத்தைச் சில கோடுகளே உணர்த்திவிடுகின்றன; பிறர் கலையைப் பக்தியோடு பயின்றும் தமக்கே உரிய சிருஷ்டியாக அதை மாற்றிய சாமர்த்தியம் போற்றத்தக்கது.

அழுத்துந்தோறும் பிசிறு தேய்ந்துவிடுமாதலால், டிரைபாயின்டில் நல்ல படிகள் சிலவே கிடைக்கும். கஸாட் அந்த 10 சித்திரங்களில் ஒவ்வொன்றிலும் வெளியிட்டவை 25 படிகளே.