பச்சையிலேயே சிக்கிய சிக்னல்

உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் கடந்து போவான் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மச்சம் பயணத்தைச் சொல்லுமோ இல்லையோ, சில சமயம் நோயைச் சொல்லும். மாணவர்களே, அந்த நோய்க்கு வந்த ஒரு மாத்திரையையும், அதைச் சோதித்தபோது எழுந்த ஒரு கடினமான கேள்வியையும் இந்த வாரம் பார்ப்போம்.

தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதால் வருவதே மெலனோமா. வெள்ளைத் தோல் உள்ளவர்களிடம்தான் இது அதிகம். ஆனால், நமக்கு வராது என்று இருந்துவிட முடியாது. கருமையான தோல் உள்ளவர்களுக்கு வரும்போது, பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும். புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதிலேயே இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

உயிரணு தானாகப் பிரிவதில்லை. ‘பிரியலாம்’ என்ற செய்தி வெளியிலிருந்து உட்கருவரை, ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போக வேண்டும். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தாத்தா யாரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: சிக்னல் பச்சையிலேயே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? ரயில்கள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

மெலனோமாவில் நடப்பதும் இதுதான். செய்தியைக் கைமாற்றும் புரதங்களில் ஒன்று பிராஃப். அதில் 600ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மரபணுப் பிறழ்வால் அங்கே குளூட்டமிக் அமிலம் வந்துவிட்டால், பச்சை விளக்கு அணைவதே இல்லை. பிராஃப் மரபணுவின் பிறழ்வு மெலனோமாவில் மிகப் பரவலாக இருப்பதை 2002இல் பிரிட்டனின் சேங்கர் நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சுமார் பாதி மெலனோமாக்களில் அது உண்டு.

பழைய மருந்தான டகார்பசின், வேகமாகப் பிரியும் எந்த உயிரணுவையும் தாக்கும். வெமுராஃபெனிப் என்ற புதிய மருந்தோ அந்தப் பழுதான புரதத்தின் இடுக்கில் போய் உட்கார்ந்து விளக்கை அணைக்கிறது. இதைத்தான் ‘இலக்கு மருந்து’ என்கிறோம். முதல் கட்டச் சோதனையில் பாதுகாப்பான அளவு தேடப்பட்டது. வேளைக்கு 960 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை என்று முடிவானது. பிறகு, பிறழ்வு உள்ள 32 பேருக்கு அந்த அளவில் மருந்து கொடுத்தபோது 26 பேருக்குக் கட்டி சுருங்கியது. இம்முடிவு 2010இல் வெளியானது.

அடுத்த கட்டத்தில்தான் அந்தக் கேள்வி எழுந்தது. 675 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குப் புதிய மாத்திரை, மற்றதற்கு டகார்பசின். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நோய் என்று வையுங்கள். குலுக்கலில் அண்ணனுக்கு மாத்திரை விழுகிறது, தம்பிக்குப் பழைய மருந்து. புதியது நல்லது என்று ஏற்கெனவே தெரியும்போது இது நியாயமா?

மருத்துவர்களே இரு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். ‘சாகக் கிடப்பவருக்கு ஏன் மறுக்க வேண்டும்?’ என்றது ஒரு பக்கம். ‘கட்டி சுருங்குவது வேறு, ஆயுள் நீள்வது வேறு. ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படி நம்புவது?’ என்றது மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இத்தகைய சோதனைகளை ஒரு தனிக் கண்காணிப்புக் குழு இடையிலேயே ஆராய்கிறது. 2011இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் புதிய மருந்துக் குழுவில் 84 விழுக்காட்டினரும் பழைய மருந்துக் குழுவில் 64 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தனர். வித்தியாசம் தெளிவானதும், பழைய மருந்து எடுத்தவர்களும் மாறிக்கொள்ளலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா மருந்தை அங்கீகரித்தது.

கதை அங்கே முடியவில்லை. பல நோயாளிகளுக்குச் சில மாதங்களில் நோய் திரும்பியது. பிரதான பாதையை அடைத்தால் ரயில் பக்கப் பாதையில் வருவதுபோல், புற்றணுக்கள் வேறு வழி கண்டுபிடித்தன. ஆகவே இப்போது பிராஃபையும் அதற்கு அடுத்துள்ள மெக் புரதத்தையும் சேர்த்தே தடுக்கிறார்கள். உள்ளங்கால் மெலனோமாவில் பிராஃப் பிறழ்வு குறைவு என்பதால், நம்மவர்களில் பலருக்கு இம்மருந்து பொருந்தாமலும் போகலாம். ஆசிய நோயாளிகளும் சோதனைகளில் இடம்பெற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மலேசியாவிலும் மருந்துச் சோதனைகள் நடக்கின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அவற்றைத் தொடங்க முடியாது. நோயாளியின் கையெழுத்தும் வேண்டும். அந்தப் படிவம் என்றாவது உங்கள் வீட்டுக்கு வந்தால், தாத்தா பாட்டிக்கு அதைப் படித்துச் சொல்லப்போவது அநேகமாக நீங்கள்தான். எந்தெந்தக் குழுக்கள் உள்ளன, பக்கவிளைவுகள் என்ன, வேண்டாமென்றால் எப்போது விலகலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்த நேரத்திலும் விலகும் உரிமை நோயாளிக்கு உண்டு.

இன்றிரவு கால் கழுவும்போது உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள். புதிதாகத் தோன்றிய, வடிவமோ நிறமோ மாறிவரும், ரத்தம் கசியும் மச்சம் இருந்தால், மச்சப் பலன் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.