ரசப்பொடிக் கணக்கில் கறுப்பு வெள்ளைப் படம்

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் கூம்பு கூம்பாய்க் குவித்திருக்கும் குங்குமப் பொடிகளைப் படம் எடுக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. அந்தப் படத்தைப் போட்டோஷாப்பில் திறந்து ‘டீசாச்சுரேட்’ கொடுத்தால், பளீர்ச் சிவப்புக் குவியலும் பச்சைக் குவியலும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். சாமான்களை அளக்காமல் அரைத்த பொடி அது.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று டப்பாக்கள்: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை சரக்கு. டீசாச்சுரேட் இவற்றில் அதிகமானதையும் குறைவானதையும் மட்டும் எடுத்துக் கூட்டிப் பாதியாக்கும். முழுச் சிவப்பு 255, 0, 0. முழுப் பச்சை 0, 255, 0. இரண்டுக்கும் விடை 128தான்!

நம் கண்ணுக்கோ பச்சை தூக்கலாகவும் நீலம் மங்கலாகவும் தெரியும். அதனால் டிவிக்காரர்கள் அந்தக் காலத்திலேயே ஓர் அளவு வைத்தார்கள்: சிவப்பு 30 பங்கு, பச்சை 59, நீலம் 11. ரசப்பொடிக்குத் தனியா தாராளமாக, மிளகாய் அதில் பாதி, மிளகு கொஞ்சம் என்பதுபோல. இந்த அளவில் சிவப்பு 76, பச்சை 150 என்று பிரிந்து நிற்கும்.

ஆனாலும் ஒரே பொடி எல்லா ரசத்துக்கும் ஆகாது. பூக்கடைப் பக்கம் வாருங்கள். மல்லிகைச் சரத்தை ஒட்டி மஞ்சள் சாமந்தி. மேற்சொன்ன அளவில் இரண்டும் வெளுத்து ஒட்டிக்கொள்ளும். போட்டோஷாப்பின் சேனல் மிக்சரில் ‘மோனோக்ரோம்’ தேர்ந்து, சிவப்பை 30இலேயே வைத்து, பச்சையை 30 ஆக்கி நீலத்தை 40க்கு ஏற்றுங்கள். சாமந்தியில் நீலம் இல்லாததால் அது இறங்கும். மல்லிகையில் மூன்று டப்பாவும் நிறைந்திருப்பதால், கூட்டுத்தொகை 100 ஆக இருக்கும்வரை அளவை எப்படி மாற்றினாலும் அது வெள்ளையாகவே நிற்கும். இதைக் கண்ணால் பார்த்த நாளில்தான் கறுப்பு வெள்ளை எனக்குப் பிடிபட்டது. கூட்டுத்தொகை மட்டும் 100ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் இதழ் மடிப்பெல்லாம் தீய்ந்துபோகும்.

நீல டப்பாவில் குருணையும் அதிகம், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படமென்றால் இன்னும். அதனால் ஜேபெக்கை விட்டு ரா கோப்பிலிருந்து தொடங்குவது நல்லது.

மைசூரில் பிறந்த புகைப்படக்காரர் டி.எஸ். சத்யன் (1923–2009) காலத்தில், ஃபிலிமில் இந்தக் கலவையைப் படம் எடுக்கும்போதே முடிவு செய்ய வேண்டியிருந்தது. லென்ஸின் முன் மஞ்சளோ சிவப்போ ஒரு கண்ணாடி. சிவப்புக் கண்ணாடி போட்டால் அரண்மனையின் இளஞ்சிவப்புக் குவிமாடங்கள் வெளிறும், பின்னால் நீல வானம் இருளும். இன்று அதற்குச் சிவப்பு 70, பச்சை 30, நீலம் 0 என்று நான் தொடங்குவேன். பிறகு ரசத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதுபோல ஐந்தைந்தாக நகர்த்துவேன், மேகத்தின் ஓரம் தெளியும்வரை.