மகனின் புருவத்தில் நூல்

பெண்களின் அழகு நிலையத்தில் இருந்த நூல் இப்போது ஆண்களின் சலூனுக்கும் வந்துவிட்டது. கல்யாணத்திற்கு முதல் நாள் முடி வெட்டப் போகும் மகன், புருவத்தையும் மெலிதாக்கிக்கொண்டு வருகிறான். தாய்மார்களே, ஏசுவதற்கு முன் விடயத்தை விளக்குங்கள்.

நெற்றி வியர்வை கண்ணில் இறங்காமல் தடுப்பது புருவம். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் வேர் பழுதாகி, அவ்விடத்தில் முடி முளைக்காமலே போகலாம். வாயில் கடித்த நூலால் கிருமி தொற்றிச் சீழ்க்கொப்புளமும் வரலாம்.

புருவம் பிடுங்கும் பெண்களைச் சபிக்கும் ஹதீஸ், இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிப்பாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆண்களுக்கும் இத்தடை பொருந்தும் என்பது அறிஞர் பலரின் கருத்து.

வயதான வாப்பாவின் புருவமுடி நீண்டு கண்ணை மறைக்கிறதா? பிடுங்காமல், கத்தரியால் நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள். அதை அனுமதித்த அறிஞர்களும் உளர்.