துண்டு இரும்பு வேட்டை

இன்வர்ட்டர் வெல்டிங் மெஷின் கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சிறுத்துவிட்டது. அதன் பிறகு மொட்டை மாடியிலும் கார் ஷெட்டிலும் சொந்தமாகப் பட்டறை போட்டுக்கொள்கிறவர்களை அங்கங்கே பார்க்க முடிகிறது. வாரம் முழுக்க ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூந்தொட்டி ஸ்டாண்டு, செருப்பு ஸ்டாண்டு, கொஞ்சம் துணிந்தவர் என்றால் கத்தி, அரிவாள். மெஷின் வாங்கியாயிற்று, கிரைண்டர் வாங்கியாயிற்று, கண்ணாடியும் கையுறையும் வாங்கியாயிற்று. இரும்பு வாங்கத்தான் வழி தெரியவில்லை. ஆன்லைனில் ஒரு அடிப் பட்டையின் விலையைப் பார்சல் செலவோடு கூட்டிக் கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், பொழுதுபோக்கே வேண்டாம் என்று தோன்றிவிடும்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது பழைய இரும்புக் கடை. போய்த் துருவேறிய குழாயும் ஆங்கிளும் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். துருவையும் பழைய பெயின்டையும் சுரண்ட நாலு வீல், ஒரு ஞாயிறு முழுக்க உழைப்பு. அந்தக் காசுக்குப் புதுக் குழாயே வந்திருக்கும். சாதாரண இரும்பு, கடைக்காரர் பாஷையில் எம்.எஸ்., புதிதாக வாங்கினாலே மலிவான சரக்கு. அதைப் பழையதில் தேடுவது வீண் வேலை. பழையதில் தேட வேண்டியது வேறு ரகம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புது இரும்பு ஏன் விலை கூடித் தெரிகிறது என்றால், நாம் அடிக் கணக்கில் கேட்கிறோம்; அந்த வியாபாரம் நடப்பதோ கிலோ கணக்கில். பட்டை, ஆங்கிள், ஸ்கொயர் பைப் எல்லாம் ஏறக்குறைய 20 அடி நீளத்தில் வருகின்றன. கட்டுமானக் கம்பி 12 மீட்டர். முழு நீளமாக எடுத்தால் கிலோ விலை. 'ரெண்டடி வெட்டிக் குடுங்க' என்றால் மீதியை யார் வாங்குவார் என்ற கவலையையும் சேர்த்து விலை சொல்வார்கள். கிலோ 70 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு அங்குல அகலம், 3 மி.மீ. கனமுள்ள பட்டை மீட்டருக்கு 590 கிராம். 20 அடிக்கு மூன்றரைக் கிலோ சொச்சம், 250 ரூபாய். அடிக்குப் பன்னிரண்டு பதிமூன்று ரூபாய்தான். இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. கடைக்காரர் சொல்லும் விலை வரியோடு சேர்த்தா, தனியா என்பதை எடை போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எடை போட்ட பிறகு கேட்டால் பதில் மாறும்.

சென்னையில் மொத்தமாக வாங்குகிறவர்கள் போகிற இடம் மணலி பக்கத்தில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட். ஜார்ஜ் டவுன் தெருக்களில் லாரிகள் அடைத்துக்கொண்டு நிற்பதைக் குறைக்க சி.எம்.டி.ஏ. உருவாக்கியது அது. டன் கணக்கில் வாங்குகிறவருக்கு அது சொர்க்கம். நாலு பட்டை வாங்கப் போகிறவருக்கு வண்டி வாடகைதான் மிஞ்சும். பாரிமுனையின் செம்புதாஸ் தெரு மாதிரி இடங்களில் சில்லறைக்கும் கொடுக்கிற கடைகள் உண்டு. ஆனாலும், வீட்டுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் கிரில் பட்டறைக்காரர்கள் சரக்கு எடுக்கிற ஸ்டீல் கடை எது என்று விசாரித்து அங்கே போவதுதான் புத்திசாலித்தனம். கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட இருக்கலாம்; போக்குவரத்தில் அது திரும்பி வந்துவிடும். 20 அடி நீளம் ஸ்கூட்டரில் வராது. கடையிலேயே மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஆறே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு, ஆட்டோவுக்குள் அடங்கும். எங்கே வெட்டுவது என்பதை வீட்டிலேயே பேப்பரில் வரைந்துகொண்டு போக வேண்டும். வெட்டுக் கூலி தனி.

இந்தக் கடைகளில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: கேஜ். ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப் என்று கேட்டால் வெளியளவு ஒரு இஞ்ச் இருக்கும். சுவர் எவ்வளவு கனம் என்பது கண்ணுக்குத் தெரியாது. 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. என்றால் 20 அடி நீளம் 7 கிலோவுக்குச் சற்று மேல் நிற்க வேண்டும். 18 கேஜ், 1.2 மி.மீ. என்றால் ஐந்தரைக் கிலோ. 'ஒரு லெங்த் இவ்வளவு' என்று நீளக் கணக்கில் விலை சொன்னால், தராசில் வைக்கச் சொல்லுங்கள். தராசு கேஜைச் சொல்லிவிடும். ஷீட்டுக்கும் இதே வழிதான்: கனத்தை மி.மீட்டரில் எடுத்து 7.85-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். எட்டுக்கு நாலு அடி ஷீட் 16 கேஜில் 37 கிலோ. உருண்டைக் கம்பிக்கு விட்டத்தை மி.மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 395 கிராம். கட்டட மேஸ்திரி எவரைக் கேட்டாலும் இந்த 162 மனப்பாடமாக இருக்கும்.

வெல்டிங் புதிதாகப் பழகுகிறவர் விலையைப் பார்த்து 18 கேஜுக்கும் கீழே இறங்க வேண்டாம். பத்தாம் நம்பர் ராடை வைத்த மாத்திரத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்கப் போய்ப் பெரிய ஓட்டையாகும்.

இதைவிட மலிவு வேண்டுமானால் துண்டுகளைத்தான் தேட வேண்டும். கேட், ஜன்னல் கிரில் செய்கிற பட்டறை இல்லாத தெரு இல்லை. அவர்கள் 20 அடியாக வாங்கி, வேலைக்கு வெட்டி எடுத்துக்கொண்டு, ஒரு அடி, ஒன்றரை அடித் துண்டுகளை மூலையில் எறிந்துவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து மொத்தமாகப் பழைய இரும்புக்காரர் அள்ளிக்கொண்டு போவார். அவர் கொடுக்கிற விலைக்கு மேல் கிலோவுக்கு ஐந்து பத்து சேர்த்துக் கொடுத்தால் பட்டறைக்காரருக்கும் லாபம், நமக்கும் லாபம். "அண்ணே, துண்டு ஏதாவது கிடக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் "உள்ள போய்ப் பாரு தம்பி, வேண்டியத எடு, எடை போட்டுக்கலாம்" என்றுதான் பதில் வரும். வேலை மும்முரமாக நடக்கிற காலை நேரத்தில் போய் நின்றால் வேறு பதில் வரும்.

என்ன துண்டு கிடைக்கும் என்பது ஊரின் தொழிலைப் பொறுத்தது. பஸ் பாடி கட்டுகிற கரூரிலும் லாரி பாடி கட்டுகிற நாமக்கல்லிலும் சேனல், ஷீட், பூ போட்ட செக்கர்டு பிளேட். திருச்சி பெல் தொழிற்சாலையை ஒட்டித் துவாக்குடி பக்கம் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்களில் கனமான பிளேட் துண்டுகள். கோவையில் பம்பும் மோட்டாரும் செய்கிற லேத் பட்டறைகளில் ஷாஃப்ட் வெட்டிய பிரைட் ராடு முனைகள். சின்ன லேத் வைத்திருப்பவருக்கு இந்த முனைகள்தான் புதையல்: பளபளப்பாக, அளவு துல்லியமாக, மேலே கருப்புச் செதில் இல்லாமல் இருக்கும். இப்போது எல்லா ஊரிலும் லேசர் கட்டிங் கடைகள் வந்துவிட்டன. வெட்டி எடுத்தது போக மிச்சமிருக்கும் ஷீட் சல்லடை போலக் கிடந்தாலும், நடுவே உள்ளங்கை அகலத்துக்கு நல்ல துண்டுகள் மாட்டும். பிராக்கெட், கீல், சின்னப் பெட்டி எல்லாவற்றுக்கும் அது போதும்.

கட்டடம் நடக்கிற இடத்தில் மிஞ்சும் முறுக்குக் கம்பித் துண்டுகளைப் பலர் விரும்பி எடுத்து வருகிறார்கள். கொக்கி, தொட்டி ஸ்டாண்டு, தோட்டத்துக்கு முளை என்றால் தாராளமாக எடுக்கலாம். கத்தி செய்ய மட்டும் எடுக்காதீர்கள். முறுக்குக் கம்பி என்று நாம் சொல்கிற டி.எம்.டி. கம்பியின் பலம் அதன் தோலில் இருக்கிறது. ஆலையில் சிவக்கச் சிவக்க உருட்டி வரும்போது மேலே தண்ணீர் பீய்ச்சி வெளி வளையத்தைக் கெட்டியாக்குகிறார்கள். உள்ளே மெதுவாகவே இருக்கும். நாம் உலையில் போட்டு அடித்தால் அந்த வளையம் போயிற்று. ஐ.எஸ். 1786 தரப்படி அதில் கரிமம் 0.30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கரிமத்துக்கு வெட்டுமுனை நிற்காது. யூடியூபில் கம்பியை அடித்துக் கத்தி செய்து தக்காளி நறுக்கிக் காட்டுகிறார்கள். தக்காளியை எதாலும் நறுக்கலாம்.

இனி, பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய காரணம். கரிமம் கூடின, பதம் ஏறுகிற எஃகைப் புதிதாகத் துண்டாக வாங்குவது சிரமம். விலையும் அதிகம், கிடைப்பதும் தொழிற்பேட்டைக் கடைகளில்தான். அதே எஃகு பழைய வண்டிகளில் கிலோ கணக்கில் கிடக்கிறது. லாரிப் பட்டை எனப்படும் ஸ்பிரிங் பட்டையில் அரை சதவீதத்துக்கு மேல் கரிமம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போன ஊர். அந்த மாதிரி ஊர்களில் உலைக்குப் போவது பெரும்பாலும் இந்தப் பட்டைதான். பேரிங் வளையங்களில் ஒரு சதவீதம் கரிமமும் குரோமியமும் உண்டு. தேய்ந்துபோன பழைய அரம் உளிக்கும் சுரண்டிக்கும் அருமையான சரக்கு. சென்னையில் இதற்கெல்லாம் புதுப்பேட்டை: வண்டிகளைப் பிரித்துப் போடுகிற தெருக்களில் பட்டை, சுருள் ஸ்பிரிங், ஆக்ஸில், கியர் என்று தனித்தனியாகக் குவித்திருப்பார்கள். கைக்கருவிகளுக்கு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. பிடியில்லாத சுத்தியல் தலை, பழைய அரம், ஸ்பேனர் எல்லாம் சாக்கு விரித்துப் பரப்பியிருக்கும். சீக்கிரம் போனால்தான் நல்ல சாமான் மாட்டும்.

குவியலில் எது என்ன இரும்பு என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பழகிய கை கிரைண்டர் கல்லில் ஒரு விநாடி தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடும். எம்.எஸ். என்றால் தீப்பொறி நீளமான மஞ்சள் கோடுகளாகப் போகும். நுனியில் ஒன்றிரண்டு கிளை. லாரிப் பட்டையைத் தொட்டால் கோடு குட்டையாகி, வழியெல்லாம் மத்தாப்பூ மாதிரி வெடிக்கும். கரிமம் ஏற ஏற வெடிப்பும் கூடும். வார்ப்பிரும்பு என்றால் கல்லை ஒட்டியே மங்கலான சிவப்பு, அவ்வளவுதான். வெயிலில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கடையின் நிழலுக்குள், கருப்புப் பின்னணியில் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால், எது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய் இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்க்கலாம். கிரைண்டர் இல்லையென்றால் அரத்தால் ஒரு இழு: பதம் ஏறிய எஃகில் அரம் கடிக்காமல் வழுக்கும்.

லட்சக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கின பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். உலையில் சிவக்கும்போதோ எண்ணெயில் அமிழ்த்தும்போதோ அது பிளந்துகொள்ளும். பட்டை ரிப்பேர் செய்கிற கடைகளில் புதுப் பட்டையை அளவுக்கு வெட்டின முனைகள் கிடைத்தால் அவற்றையே எடுங்கள்; விலை வித்தியாசம் சொற்பம். ஏணி, ஊஞ்சல் கொக்கி, வண்டி ஜாக்கி என்று ஆளைத் தாங்குகிற எதற்கும் வரலாறு தெரியாத பழைய இரும்பு வேண்டவே வேண்டாம். அங்கே புது எம்.எஸ்.தான்.

எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றி ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 ரகம் என்று விற்பார்கள். மலிவான 202 ரகத்திலும் ஒட்டாது. வித்தியாசம் நிக்கலில்; கடலோரத்து வீட்டில் 202 கேட் சில மழைக்காலங்களிலேயே பழுப்பேறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய சரக்கில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை சில. துத்தநாகம் பூசின ஜி.ஐ. குழாயை அப்படியே வெல்டு வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அதை இழுத்தவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும். பூச்சை நீக்காமல் வைக்கக் கூடாது. குரோம் முலாம் பூசின சாமான் அதைவிட மோசம். மூடின டிரம், பெட்ரோல் டேங்க், ஷாக் அப்சார்பர் மூன்றையும் கிரைண்டரால் வெட்டுவது உயிரோடு விளையாடுவது. அடையாளம் தெரியாத, கனத்த ஈய உறை போட்ட கருவி எதுவும் வேண்டாம். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்தது அதுதான். டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய காமா கதிர்வீச்சுக் கருவியைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஒருவர் செத்துப்போனார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

பட்டறைக் கல்லுக்காக ரயில் தண்டவாளத் துண்டு தேடாத ஆள் இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. கணக்கில் வராத துண்டு கையில் இருந்தாலே குற்றம். 1966-ம் வருடத்து ரயில்வே சொத்துச் சட்டம் அப்படி. ரயில்வே தன் கழிவை முறைப்படி ஏலத்தில்தான் விற்கிறது. கடைக்காரர் ஏலச் சரக்கு என்று சொன்னால் பில்லில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடலாம். தண்டவாளத்துக்குப் பதில் இரண்டு அங்குலக் கனமுள்ள பிளேட் துண்டு, ஆறுக்கு எட்டு அங்குலம் கிடைத்தால் 12 கிலோ இருக்கும். மரக்கட்டையில் பதித்தால் வீட்டு வேலைக்குத் தாராளம்.

அப்படிப்பட்ட துண்டு கிடைக்க நல்ல சமயம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். வருடம் முழுக்க மூலையில் சேர்ந்ததைப் பட்டறைக்காரர்கள் கூட்டி வெளியே தள்ளுவது அப்போதுதான். பழைய இரும்பு வண்டி வருவதற்குள் போய்விட வேண்டும். டேப், காந்தம், சின்ன அரம், கனத்த சாக்கு இருந்தால் போதும்; சில்லறையாகப் பணமும் வைத்துக்கொள்ளுங்கள், ஜிபே செய்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட என்பார் சிலர்.