சிப்பாயின் சிரிப்பும் சமூகத்தின் கடனும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் ஞாபகசக்தியை இழந்து படுத்த படுக்கையாகக் கிடந்த எண்பது வயதுடைய ஒருவருக்கு 2002 ஆம் ஆண்டில் மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வரத் தொடங்கின. அவரைத் தேடிச் சென்று பார்த்த முன்னாள் படைவீரர் ஒருவரின் முயற்சியால் செய்தி வெளியே தெரிய வந்தது. பத்திரிகைப் பத்தி எழுத்தாளர்கள் சிலர் அதனை எழுதினர். அதன் பின்னர் வந்து சேர்ந்த கடிதங்களும் வாழ்த்து அட்டைகளும் பத்தாயிரத்திற்கும் அதிகம் என்று கூறப்படுகின்றது. எழுதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் இரண்டாம் உலக மகா யுத்தத்தில் சாதாரண சிப்பாய்களாக இருந்தவர்களும், அத்தகையோரின் விதவைகளுமேயாவர். சிலர் நேரிலேயே வந்தனர். தமது பழைய பதக்கங்களையும் மங்கிப்போன பத்திரிகை நறுக்குகளையும் கொண்டு வந்து அவரது கட்டிலருகே அமர்ந்திருந்தனர்.

அந்த முதியவர் ஒரு தளபதியல்ல. யுத்தகளத்தில் சாகசம் புரிந்து புகழ்பெற்றவருமல்ல. அவர் ஒரு கேலிச்சித்திரக்காரர். பெயர் பில் மோல்டின். மரணத்தின் வாயிலில் நின்ற இளைஞர்களைச் சிரிக்க வைத்தார் என்பதொன்றே அவருக்குச் செலுத்தப்பட்ட நன்றிக்குக் காரணமாகும்.

இராணுவம் என்ற சொல்லோடு நகைச்சுவை என்ற சொல்லைச் சேர்த்துப் பார்ப்பது எமது வாசகர்களுக்கு அவ்வளவு இயல்பானதாக இராது என்பதை நாம் அறிவோம். சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கும், ஒரே இரவில் வீடு வாசலை விட்டு வெளியேறியவர்களுக்கும், காணாமற்போன பிள்ளையின் படத்தை ஏந்தி நிற்கும் தாய்மாருக்கும் சீருடை என்றதும் எழுகின்ற நினைவுகள் வேறு. அந்நினைவுகளை ஒதுக்கிவிட்டு இதனைப் படிக்குமாறு நாம் கோரவில்லை. ஆனால், யுத்தங்களை யார் நடத்துகிறார்கள், யார் சாகிறார்கள், முடிந்த பின்னர் தப்பி வந்தவனை அவன் யாருக்காகப் போரிட்டானோ அந்தச் சமூகம் எவ்வாறு நடத்துகின்றது என்பவற்றை அறிந்துகொள்வதற்குச் சிப்பாயின் சிரிப்பு ஒரு நல்ல வழிகாட்டி என்றே நாம் கருதுகின்றோம்.

1921 ஆம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறந்த மோல்டின், 45 ஆவது காலாட்படைப் பிரிவோடு 1943 இல் சிசிலியில் தரையிறங்கினார். பின்னர் இத்தாலியில் மோட்டார் எறிகணைச் சிதறலால் காயமுற்றார். படையினருக்கான 'ஸ்டார்ஸ் அன்ட் ஸ்ட்ரைப்ஸ்' பத்திரிகையில் அவர் வரைந்த வில்லி, ஜோ என்ற இரண்டு சிப்பாய்கள் அமெரிக்கா முழுவதும் அறியப்பட்ட பாத்திரங்களாயினர். சவரம் செய்யாத முகம், கிழிந்த சீருடை, தூக்கமின்மையால் சுருங்கிய கண்கள், முழங்கால் வரை சேறு; இதுவே அவர்களது தோற்றம். அரசாங்கச் சுவரொட்டிகளில் காணப்பட்ட நெஞ்சு நிமிர்ந்த வீரனுக்கும் இவர்களுக்கும் எவ்வித உறவும் இருக்கவில்லை.

1945 இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அவரது வயது இருபத்து மூன்று. பரிசுக்குரிய சித்திரத்தில் கொட்டும் மழையில் ஒரு வரிசை நடந்து செல்கின்றது. படத்தின் கீழே, வெற்றிப் பூரிப்போடு வருகின்ற உற்சாகமான அமெரிக்கப் படையினர் களைத்துச் சோர்ந்த கைதிகளைக் கொண்டு வருகின்றனர் என்ற பொருளில் செய்தித்தாள் நடையில் ஒரு வாசகம். ஆனால் படத்தைப் பார்த்தால் கைதி யார், வென்றவர் யார் என்று பிரித்தறிய முடியாதபடி இரு சாராரும் ஒரே அளவில் களைத்திருக்கிறார்கள். மற்றொரு சித்திரத்தில் வார்த்தையே இல்லை. குதிரைப்படையைச் சேர்ந்த பழைய சார்ஜன்ட் ஒருவர், அச்சு முறிந்து கிடக்கும் தனது ஜீப் வண்டியை, கால் முறிந்த குதிரையைச் சுடுவது போல, ஒரு கையால் கண்களை மூடிக்கொண்டு கைத்துப்பாக்கியால் சுடுகிறார். போர்முனையில் நின்றவர்கள் இதைக் கண்டு சிரித்தார்கள் என்றால், அதன் துயரமும் அவர்களுக்குப் புரிந்திருந்தது என்றே பொருள்.

இச்சித்திரங்களை எல்லோரும் இரசித்தார்கள் என்று கூறுவதற்கில்லை. கழுத்துப்பட்டியும் சவரமும் ஒழுக்கத்தின் அடையாளங்கள் என்று உறுதியாக நம்பிய ஜெனரல் பற்றன், இவை படையினரின் கட்டுப்பாட்டைக் குலைப்பன என்று கொதித்தார். 1945 மார்ச்சில் லக்சம்பேர்க்கிலுள்ள தமது தலைமையகத்துக்கு மோல்டினை அழைத்து நீண்டதொரு போதனை நிகழ்த்தினார். நான்கு நட்சத்திர ஜெனரலாக ஆகவிருந்த ஒருவருக்கும் ஒரு சார்ஜன்டுக்கும் இடையிலான இச்சந்திப்பில் இருவருமே தத்தம் நிலையிலிருந்து மாறவில்லை. ஆயினும் ஐசன்ஹோவரின் தலைமையகம் கேலிச்சித்திரக்காரரின் பக்கமே நின்றது. சிப்பாய் தனது அதிகாரியைப் பார்த்துச் சிரிப்பதற்கு இடமளிப்பது, அவன் வேறு வழிகளில் வெடிப்பதைத் தடுக்கும் என்பதை அந்தத் தலைமையகம் புரிந்து வைத்திருந்தது. இதில் கருணையை விடக் கணக்கே அதிகம் என்பது எமது அபிப்பிராயம்.

இந்தச் சிரிப்பு மோல்டினுடன் தொடங்கியதல்ல. முதலாம் உலக மகா யுத்தத்தின்போது 1916 பெப்ரவரியில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகர இடிபாடுகளுக்கிடையே கைவிடப்பட்ட அச்சு இயந்திரமொன்றைக் கண்டெடுத்த பிரித்தானியப் படையினர் 'வைப்பர்ஸ் டைம்ஸ்' என்றொரு பத்திரிகையை வெளியிட்டனர். ஈப்ர் என்ற பெயர் அவர்களது நாவில் வைப்பர்ஸ் என்றாகியிருந்தது. கப்டன் பிரெட் ரொபேர்ட்ஸ் ஆசிரியர்; லெப்டினன்ட் ஜாக் பியர்சன் துணை ஆசிரியர். பதுங்குகுழிகளை உல்லாச விடுதிகள் போல விளம்பரப்படுத்துவதும், யுத்தம் விரைவில் முடிந்துவிடும் என்று ஊரிலிருந்து எழுதிய யுத்த நிபுணர்களை நையாண்டி செய்வதும், நம்பிக்கை மிகுதியை ஒரு நோயாக வர்ணித்து அதற்கு மருந்து கூறுவதும் அதன் பாணி. எழுத்து அச்சுகள் போதாமையால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மாத்திரமே அச்சிட முடிந்ததாம். பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் என்ற வகையில் அந்தச் சிரமத்தை எம்மால் ஓரளவு உணர முடிகின்றது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டாக வேண்டும். மேற்கூறிய நகைச்சுவை எல்லாம் மேல்நோக்கிப் பாய்வது. தளபதியை, அரசியல்வாதியை, யுத்த இலாபம் தேடியவரை நோக்கியது. துப்பாக்கி ஏந்தியவன் நிராயுதபாணியான ஒரு குடிமகனை நிறுத்தி வைத்து, அவனது பெயரையோ மொழியையோ உடையையோ கேலி செய்து சக சிப்பாய்களோடு சிரிப்பதும் உண்டு. உலகின் எல்லா இராணுவங்களிலும் அது நிகழ்ந்திருக்கின்றது. அதனையும் இராணுவ நகைச்சுவை என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு நியாயப்படுத்துவோர் இருக்கின்றனர். அது நகைச்சுவையல்ல, அதிகாரத்தின் இன்னொரு வடிவமேயாகும்.

யுத்தம் முடிந்து வீடு திரும்பிய வில்லியும் ஜோவும் என்ன ஆனார்கள் என்பதுதான் இரண்டாவது விடயம். இதிலே அமெரிக்காவின் கடந்தகாலம் பெருமைப்படத்தக்கதாக இருக்கவில்லை. முதலாம் யுத்தத்தில் பணியாற்றியோருக்கு 1924 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் மூலம் விசேட கொடுப்பனவு வாக்களிக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலானோருக்கு அப்பணம் கையில் கிடைக்கவிருந்தது 1945 இல்தான். பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து பட்டினி கிடந்த முன்னாள் படையினர் ஆயிரக்கணக்கில் 1932 இல் வாஷிங்டனில் திரண்டு, அப்பணத்தை உடனே தருமாறு கோரி, மனைவி மக்களோடு குடிசைகள் அமைத்துத் தங்கினர். ஜூலை 28 ஆம் திகதி ஜெனரல் மக்ஆர்தரின் தலைமையில் குதிரைப்படையும் தாங்கிகளும் கண்ணீர்ப்புகையும் கொண்டு அவர்கள் விரட்டப்பட்டனர். குடிசைகள் எரிந்தன.

அன்று குதிரைப்படையோடு வந்த அதிகாரிகளில் ஒருவர் மேஜர் பற்றன். பின்னாளில் மோல்டினின் சித்திரங்கள் ஒழுக்கத்தைக் கெடுப்பதாகக் குறைபட்டுக்கொண்ட அதே பற்றன். விரட்டப்பட்டவர்களிடையே ஜோ அஞ்சலோ என்பவரும் இருந்தார். 1918 இல் பிரான்சில் காயமுற்றுக் கிடந்த பற்றனைத் தோட்டாக்களுக்கிடையே இழுத்துச் சென்று உயிர் காத்தவர் அவர். அதற்காக உயர் பதக்கமும் பெற்றவர். தன்னைச் சந்திக்க வந்த அவரைப் பற்றன் அடையாளம் காண மறுத்து அகற்றிவிட்டார். எந்தக் கேலிச்சித்திரக்காரரும் கற்பனை செய்யத் துணியாத காட்சி இது.

இந்த அவமானத்தின் நினைவு 1944 ஜூன் மாதம் நிறைவேற்றப்பட்ட முன்னாள் படையினர் சட்டத்திற்கு ஒரு காரணமாயிற்று. பல்கலைக்கழகக் கல்வி, தொழிற்பயிற்சி, வீட்டுக்கடன் உத்தரவாதம், வேலையற்ற காலத்துக்கான உதவிப்பணம் ஆகியவற்றை அது வழங்கியது. 1956 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதன் மூலம் கல்வியோ பயிற்சியோ பெற்றிருந்தனர். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை உருவாக்கிய சட்டம் என்று இது போற்றப்படுவதில் உண்மை உண்டு. ஆனால் நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்ளூர் அதிகாரிகளிடமும் வங்கிகளிடமும் இருந்தமையால், தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர். 1947 இல் மிசிசிப்பியில் வழங்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ஒரே யுத்தம், ஒரே சீருடை. சட்டத்தின் எழுத்தில் எவ்விதப் பாகுபாடும் இல்லை. சட்டப் புத்தகத்தில் உரிமை இருந்தும் கருமபீடத்தில் அது கிடைக்காது போகும் அனுபவத்தை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நாடு திரும்பிய மோல்டினும் இதனைக் கண்டார். வீட்டுத் தட்டுப்பாட்டையும், இனவெறியையும், யுத்தத்தில் போரிட்ட ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் வரைந்தார். சேற்றைப் பற்றிச் சிரித்தபோது கொண்டாடிய பத்திரிகைகள் பல, ஊரைப் பற்றிச் சிரித்தபோது அவரது சித்திரங்களை நிறுத்திக்கொண்டன. படைவீரனைப் போற்றுவோர் பலருக்கு அவன் வாய் திறவாதிருக்கும் வரையில்தான் அவன் வீரன். மோல்டினை இறுதிவரை மறவாத சக கலைஞர்களில் ஒருவர், தாமும் அந்த யுத்தத்தில் பணியாற்றியவரான சார்ள்ஸ் ஷுல்ஸ். அவரது 'பீனட்ஸ்' படக்கதையில் வரும் ஸ்னூப்பி என்ற நாய், முன்னாள் படையினர் தினத்தன்று பில் மோல்டினின் வீட்டுக்குச் சென்று பானம் அருந்தப் புறப்படுவது ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படும் நிகழ்வாயிற்று.

சிரிப்பு எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று நாம் கூற வரவில்லை. அமெரிக்க முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 6,400 இற்கும் அதிகமான முன்னாள் படையினர் தற்கொலை செய்துகொண்டுள்ளனர். வைத்தியரிடம் சொல்ல வேண்டியதைச் சிலர் பகிடியாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். கேட்பவர்களும் சிரித்துவிட்டு எழுந்து போகின்றனர்.

சமூக ஆதரவு என்று பேசும்போது எமது நாட்டிற்கும் இதிலொரு நேரடித் தொடர்பு உண்டு. பிரித்தானியாவில் 1921 முதல் நவம்பர் 11 ஆம் திகதியையொட்டிப் பொப்பி மலர் விற்று முன்னாள் படையினருக்கு நிதி திரட்டப்பட்டு வந்தது. வைப்பர்ஸ் டைம்ஸ் காலத்துச் சிப்பாய்களை இலட்சக்கணக்கில் சாவுக்கு அனுப்பியவர் என்று பழிக்கப்பட்ட பீல்ட் மார்ஷல் ஹேக்கின் பெயரே அந்நிதிக்குச் சூட்டப்பட்டிருந்தது. இலங்கையிலும் பொப்பி விற்கப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குச் சென்றது. அதே யுத்தத்தில் பணியாற்றி வறுமையில் வாடிய இலங்கையர்களுக்கு எஞ்சியது சொற்பமே. இதனை ஆட்சேபித்து 1931 இல் ஏலியன் பெரேரா, உள்ளூர் முன்னாள் படையினருக்கு உதவும் நோக்கில், சூரியமல் எனச் சிங்களத்தில் அழைக்கப்படும் பூவரசம்பூவை அதே தினத்தில் விற்கத் தொடங்கினார். 1933 இல் இளைஞர் கழகத்தினர் அதனைப் பொறுப்பேற்று ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக மாற்றினர். டொரீன் யங் அதன் தலைவியானார். 1934-35 இல் மலேரியா கொள்ளை நோய் பரவியபோது சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். அவர்களில் பலரே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்கள்.

பில் மோல்டின் 2003 ஜனவரி 22 ஆம் திகதி காலமானார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 2010 இல் வெளியிடப்பட்ட அமெரிக்கத் தபால் முத்திரையொன்றில் அவரது உருவத்தோடு வில்லியும் ஜோவும் இடம்பெற்றனர். அப்போதும் அவர்கள் சவரம் செய்திருக்கவில்லை.