நீர்த்தேக்கங்களும் மூழ்கிய ஊர்களும்

நீர்நிலைகளைப் பெருக்குதல் வேந்தர்க்குரிய கடமை என்று குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்தியதைப் புறநானூற்றின் 18ஆம் பாட்டால் அறிகின்றோம். விடுதலைக்குப் பின் இந்திய நாட்டில் எழுந்த பேரணைகளும் அக்கடமையின் தொடர்ச்சியே எனலாம். எனினும் பண்டை அணைக்கும் இற்றை அணைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. காவிரிக் கல்லணை நீரைத் திருப்பி விடுவது, தேக்கி வைப்பதன்று. ஆதலின் அதனால் ஊர்கள் மூழ்கவில்லை. தேக்கும் அணையோ மேற்புறத்து நிலத்தைத் தன்னுள் கொண்டே கீழ்ப்புறத்து நிலத்தை வளப்படுத்துகின்றது.

இவ்வுண்மை நாட்டின் பல பகுதிகளிலும் ஒருபடித்தாகக் காணப்படும். வடக்கே, சட்லெச்சு ஆற்றின் குறுக்கே எழுந்து 1963இல் நாட்டுக்கு அளிக்கப்பெற்ற பக்ரா அணை, பஞ்சாப், அரியானா, இராசத்தான் வயல்களுக்கு நீர் தந்தது. இமாசலப் பகுதியின் பழைய பிலாசுபூர் நகரோ நீருள் மறைந்தது. கிழக்கே, 1957இல் திறக்கப்பெற்ற இராகுட் அணை மகாநதிக் கழிமுகத்தின் வெள்ளக் கொடுமையைத் தணித்தது. சம்பல்பூர்ப் பகுதியின் ஊர்கள் பல அதன் பொருட்டு அழிந்தன. தெற்கே, விடுதலைக்கு முன்பே 1934இல் முடிவுற்ற மேட்டூர் அணையும் இவ்வகையினதே. தஞ்சைக் கழனிகளுக்கு அரணாய் விளங்கும் அத்தேக்கத்தில் நீர் குறையுங்கால், பழைய சலகண்டேசுவரர் கோயில் நந்தி வெளித்தோன்றி அங்கிருந்த ஊரை நினைவூட்டுகின்றது. பயன் பெறுவோர் ஓரிடத்தார், இழப்பவர் வேறிடத்தார் என்பது இவற்றால் இனிது விளங்கும்.

இழப்பை ஒருவாறு குறைத்தற்கு நாகார்சுனகொண்டா சான்றாகும். கிருட்டிணையாற்று அணைக்கு 1955இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. இக்குவாகு மரபினரின் தலைநகராய் விளங்கிய அப்பள்ளத்தாக்கு, 1954 முதல் 1960 வரை அகழ்ந்து ஆராயப்பெற்றது. புத்த சமயச் சின்னங்கள் சில பெயர்த்தெடுக்கப்பெற்று, பின்னர்த் தீவாகிய குன்றின் உச்சியிலும் கரையிலுள்ள அனுப்பு என்னுமிடத்தும் மீண்டும் அமைக்கப்பெற்றன.

கல்லைப் பெயர்த்து வைத்தல் கூடும். ஊர்ப்பெயரும் வயற்பெயரும் வாய்மொழிப் பாட்டும் அவ்வாறு பெயர்த்தற்கு உரியனவல்ல. மக்கள் பல திசைகளிற் பிரிந்து குடியேறிய பின் அவை விரைவில் வழக்கொழியும். ஆகவே, அணைத்திட்டம் வகுக்கும்போதே நிலத்தை அளப்பாரோடு கல்வெட்டறிஞரும் நாட்டுப்புற வழக்காற்று ஆய்வாளரும் செல்லுதல் வேண்டும். மக்களுக்கு உரிய மாற்று நிலம் அளித்தல் அரசின் கடமை. அவர்தம் மொழிச் செல்வத்தை நீர் ஏறுமுன் எழுத்திற் பதித்தல் ஆராய்ச்சியாளர் கடமை என்க.